மேடைகள் மூடிக் கிடக்கும்போது இசைக்கலைஞருக்கு எந்த உதவி கைகொடுக்கும்?

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு முதலில் தடை விதிப்பது கூட்டம் கூடுவதற்கு. கடைசியாகத் தளர்த்துவதும் அந்தத் தடையைத்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், கூட்டம் கூடினால்தான் வருமானம் என்று வாழும் இசைக்கலைஞரின் பிழைப்பு அடியோடு நின்றுபோகிறது. 2020 மார்ச்சில் உலகின் பெரும்பகுதியில் ஓரிரு வாரங்களுக்குள் இது நடந்தது. கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்துவைத்து விற்றார். அலுவலக ஊழியர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அப்படி ஒரு மாற்றுவழி இருக்கவில்லை.

உதவ நினைத்தவர்களுக்கு அப்போது குறைவில்லை. ஆனால் எந்த வடிவில் உதவுவது என்பதில் நாட்டுக்கு நாடு, சங்கத்துக்குச் சங்கம் வழி வேறுபட்டது. ஒருமுறை கையில் கொடுக்கும் தொகை, பழைய வருமானத்தில் ஒரு பங்கு, எல்லோருக்கும் ஒரே அளவு வாரப்பணம், முன்பணம், அரங்குகளுக்கு மானியம், ரசிகர்களின் ஆதரவு என்று எல்லாமே முயன்று பார்க்கப்பட்டன. அடுத்த முறை முடிவெடுக்க வேண்டியவர் ஓர் அமைச்சராக இருக்கலாம், நூறு பேர் கொண்ட வாத்தியக் கலைஞர் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கலாம். இருவருக்குமே அந்த அனுபவம் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருமானச் சான்றை மையமாக வைக்கும் எந்தத் திட்டமும் இசைக்கலைஞர்களில் கணிசமானவர்களைக் கைவிட்டுவிடும். தொகை சிறிதானாலும் எல்லோருக்கும் ஒரே அளவில், தாமதமில்லாமல், நெருக்கடி தீரும்வரை தொடர்ந்து வருவதே மற்ற எல்லாவற்றையும்விட மேல்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நிவாரண விண்ணப்பங்களைப் படிக்கும் குழு ஒன்றில் நானும் இருந்தேன். தாளவாத்தியம் வாசிக்கும் ஒருவர், வருமானச் சான்றாகத் தன் நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். இடது ஓரத்தில் தேதி, நடுவில் ஊர், வலது ஓரத்தில் யாருக்கு வாசிக்கிறார் என்பது. சில வரிகளில் முன்பணம் என்று எழுதி ஒரு தொகை. பல வரிகளில் தொகையே இல்லை. கச்சேரி முடிந்த பிறகு கையில் வருவதைப் பார்த்துத்தான் அந்த இடத்தை நிரப்புவார் போலிருக்கிறது. மார்ச் நடுவிலிருந்து ஒவ்வொரு வரியையும் நீல மையால் அடித்திருந்தார். ஜூன் வரை அப்படி அடித்த வரிகள். அதன் பிறகு வெற்றுப் பக்கம். அடிப்பதற்கே எதுவும் இல்லை.

எங்கள் படிவத்தில் ‘கடந்த ஆண்டின் சராசரி மாத வருமானம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவர் நிரப்பவில்லை. எப்படி நிரப்புவார்? நிகழ்ச்சிகள் நிறைந்த நான்கைந்து மாதங்களில் சேர்ப்பதை வைத்து மற்ற மாதங்களை ஓட்டுகிறார். மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறார். எப்போதாவது ஒலிப்பதிவுக்கு அழைப்பு வருகிறது. இவற்றில் பாதிக்கு ரசீது கிடையாது. அவர் உண்மையான கலைஞர் என்பதில் குழுவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் படிவத்தின் கண்ணில் அவர் வருமானம் இல்லாதவர். வருமானம் இல்லாதவருக்கு வருமான இழப்பும் இல்லை என்பதாகிவிடுகிறது.

இசைத்தொழிலில் பணம் வருவதே இப்படித்தான்: பல கைகளிலிருந்து, பல பெயர்களில், கொஞ்சம் கொஞ்சமாக. மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் இதன்மேல் பொருந்துவதில்லை என்பதை அமெரிக்கா அனுபவித்துப் பார்த்தது. 2020 மார்ச் 27 அன்று சட்டமான நிவாரண ஏற்பாடு, சுயதொழில் செய்பவர்களுக்கும் வேலையின்மை உதவித்தொகை உண்டு என்றது. அதற்கு மேல் ஜூலை இறுதி வரை வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகவும் தந்தது. தனித்து வாசிக்கும் இசைக்கலைஞர்கள் அதுவரை பார்த்திராத பாதுகாப்பு அது. ஆனால் அதே கலைஞர் ஒரு பள்ளியிலோ இசைக்குழுவிலோ கொஞ்சகாலம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால், அந்தச் சிறிய சம்பளத்தை மட்டும் வைத்து அவருடைய உதவித்தொகை கணக்கிடப்பட்டது. கச்சேரிகளில் சம்பாதித்த பெரும்பகுதி கணக்கில் சேரவில்லை. டிசம்பர் இறுதியில்தான் இதற்கு ஒரு திருத்தம் வந்தது. சுயதொழிலில் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 டாலர் ஈட்டியவர்களுக்கு வாரத்துக்கு 100 டாலர் சேர்த்துத் தரலாம் என்றார்கள். அதுவும் அந்தந்த மாநிலம் ஒப்புக்கொண்டால்தான். வீட்டு வாடகை ஒன்பது மாதம் காத்திருக்காது.

பழைய வருமானத்தில் ஒரு பங்கு

பிரிட்டன் தேர்ந்தெடுத்தது இந்த வழியை. 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக் சுயதொழிலாளர் வருமான ஆதரவுத் திட்டத்தை அறிவித்தார். முந்தைய ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 80 சதவீதம், மாதத்துக்கு அதிகபட்சம் 2,500 பவுண்ட். மூன்று மாதத் தொகையை ஒரே தவணையில் தருவது என்பது ஏற்பாடு. தாள்கள் கைவசம் இருந்த கலைஞருக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது என்றே சொல்வேன். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் பழைய வருமானத்தை நம்பி எடுத்த பொறுப்புகள். உதவியும் அந்த அளவை ஒட்டி வந்தால் குடும்பம் நிலைகுலையாது.

குறை இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, காலம். விண்ணப்பம் திறந்தது மே 13-இல். பணம் வந்தது மே மாதக் கடைசியில். இரண்டு மாத இடைவெளியைக் கலைஞர் தன் சேமிப்பில் தாண்டியிருக்க வேண்டும். இரண்டாவது, தகுதி. மொத்த வருமானத்தில் பாதியாவது சுயதொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும். 2018-19 வரிக்கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். பகலில் ஏதோ ஒரு வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இரவில் மேடை ஏறுபவர் முதல் விதியிலேயே விழுந்தார். இசைக்கல்லூரி முடித்து 2019-இல் தொழிலுக்கு வந்த இளைஞர் இரண்டாவதில் விழுந்தார். திட்டம் நீட்டிக்கப்பட்டு, அவர்களில் பலருக்கு நான்காவது தவணையில்தான் வழி திறந்தது; அதற்குள் ஓராண்டு போய்விட்டது. 2020 செப்டம்பரில் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, 34 சதவீதத்தினர் தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்கள். விகித முறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிறையச் சம்பாதித்தவருக்கு நிறைய, குறையச் சம்பாதித்தவருக்குக் குறைய என்பது அதன் இலக்கணம். ஏற்கெனவே விளிம்பில் வாழும் ஒருவரின் வருமானத்தில் 80 சதவீதம் அவரை விளிம்புக்குக் கீழே தள்ளும்.

பெர்லின் காட்டிய வேறுபாடு

ஜெர்மனியில் ஒரே நாட்டுக்குள் இரண்டு வழிகள் அடுத்தடுத்து நடந்தன. ஒப்பிடுவதற்கு அதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

மத்திய அரசின் உடனடி உதவி சிறு நிறுவனங்களுக்கும் தனிநபர் தொழில் செய்பவர்களுக்கும் பொதுவானது. ஐந்து ஊழியர்கள் வரை உள்ள தொழிலுக்கு மூன்று மாதங்களுக்கு 9,000 யூரோ வரை. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதைத் தொழிலின் நடைமுறைச் செலவுகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதாவது கடை வாடகை, குத்தகைத் தவணை, அலுவலகச் செலவு போன்றவை. ஒரு பாடகருக்கு நடைமுறைச் செலவு என்ன இருக்கிறது? அவருடைய கருவி தொண்டை. வயலின் வாசிப்பவர் தந்திகளும் வில்லில் தேய்க்கும் ரோஜனப் பிசினும் வாங்குவார், பயணத்துக்குச் செலவழிப்பார். கச்சேரி இல்லாதபோது அந்தச் செலவும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் பணம். அதற்கோ இந்த நிதியில் இடமில்லை. வாழ்க்கைச் செலவுக்கு அடிப்படைச் சமூக உதவிக்கு விண்ணப்பியுங்கள் என்றது அரசு. சேமிப்பு பற்றிய சோதனையைத் தளர்த்தவும் செய்தது. ஆனாலும், இருபது ஆண்டுகள் தொழில்செய்து வரி கட்டியவர்கள் அந்த வாசலில் போய் நிற்பதை அவமானமாக உணர்ந்தார்கள். அது வீண் கௌரவம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். தொழில் முடங்கியதற்குத் தான் காரணமில்லை எனும்போது, வேலை தேடத் தெரியாதவரைப் போல நடத்தப்படுவது யாருக்கும் வலிக்கும்.

பெர்லின் நகர அரசு மார்ச் கடைசி வாரத்தில் வேறு மாதிரி செய்தது. தனித்துத் தொழில்செய்பவர்களுக்கு 5,000 யூரோ வரை, சுருக்கமான இணையப் படிவம், வாழ்க்கைச் செலவுக்கும் பயன்படுத்த இடம். இணையத்தில் நீண்ட வரிசை நின்றது. ஆனால் சில நாட்களிலேயே பலருடைய வங்கிக்கணக்கில் பணம் ஏறிவிட்டது. நகரத்தின் சொந்தப் பணத்தில் நடந்த இந்த ஏற்பாடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்து, அதன் பிறகு மத்திய விதிகளே நடைமுறைக்கு வந்தன. அவ்வளவு வேகமாகக் கொடுத்ததில் தகுதியில்லாத சிலரும் வாங்கிவிட்டார்கள். பின்னர் சோதனை நடந்தது, திரும்பக் கேட்டார்கள், சில வழக்குகளும் வந்தன.

இந்தக் கடைசி விஷயத்தைக் காட்டித்தான் பலர் விரைவு உதவியை எதிர்க்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்ப்பதில் சிறிது பணம் தவறான கைக்குப் போகும், அதைத் துரத்திப் பிடிக்க வழியும் உண்டு. முதலில் சரிபார்த்துவிட்டுப் பிறகு கொடுப்பதில், ஒரு கலைஞர் தன் வாத்தியத்தை விற்றுவிடுவார். விற்ற வாத்தியத்தைத் திரும்ப வாங்க எந்தத் திட்டமும் வருவதில்லை.

அயர்லாந்து இதே தத்துவத்தை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. மார்ச் 2020-இல் தொடங்கிய கொள்ளைநோய் வேலையின்மைத் தொகை முதலில் வாரத்துக்கு 203 யூரோவாக இருந்து, சில நாட்களிலேயே 350 யூரோவாக உயர்த்தப்பட்டது. நோயால் வேலை போனதா, சம்பளக்காரரா சுயதொழிலா என்ற அளவில்தான் கேள்விகள். பழைய வருமானம் எவ்வளவு என்று ஆரம்பத்தில் கேட்கவில்லை. ஜூன் கடைசியில்தான் முன்பு வாரத்துக்கு 200 யூரோவுக்குக் குறைவாக ஈட்டியவர்களுக்குத் தொகை குறைக்கப்பட்டது. என் பார்வையில் சரியான வரிசை இதுதான். வெள்ளம் வந்த அன்று எல்லோரையும் படகில் ஏற்று, யார் எந்தத் தெரு என்பதைக் கரையில் கேட்டுக்கொள்ளலாம்.

அயர்லாந்தின் ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் இன்னொரு கூறு உண்டு. உதவித்தொகை வாங்கும் சுயதொழிலாளர் மாதத்துக்கு 480 யூரோ வரை சம்பாதிக்கலாம் என்று அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அனுமதித்தார்கள். பிறகு எட்டு வாரத்தில் 960 யூரோ என்று அதை இன்னும் இளக்கமாக்கினார்கள். ஒரு நாள் ஒலிப்பதிவு கிடைத்தால் முழு உதவியும் போய்விடும் என்ற நிலையில், கலைஞர் அந்த ஒலிப்பதிவை வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அல்லது மறைத்துச் செய்வார். இரண்டுமே கெடுதல். கை பழக்கத்தில் இருப்பதும், அழைப்பவர்கள் அவரை மறந்துபோகாமல் இருப்பதும் பணத்துக்கு நிகரான விஷயங்கள். எந்தத் திட்டத்தை வகுத்தாலும் இந்த ஒரு விதியைத் தயங்காமல் சேர்த்துவிடலாம்.

பிரான்சின் வழி தனி. அங்கே நிகழ்த்துகலைத் தொழிலாளர்களுக்கு முன்பே தனியான வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. பன்னிரண்டு மாதங்களில் 507 மணிநேரம் வேலை பார்த்தவருக்கு, நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை. ஒரு கச்சேரிக்கான தொகை பன்னிரண்டு மணிநேரமாகக் கணக்கிடப்படுகிறது. ஒத்திகைக்கும் தனிப்பயிற்சிக்கும் போகும் நேரத்தை மதிக்கும் கணக்கு என்று இதைச் சொல்லலாம். அரங்குகள் மூடியதும் யாராலும் 507-ஐ எட்ட முடியாது என்பது தெளிவானது. 2020 மே 6 அன்று அதிபர் மக்ரோன், ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தவர்களின் உரிமை 2021 ஆகஸ்ட் இறுதி வரை தானாகவே தொடரும் என்று அறிவித்தார். பிறகு அது அந்த ஆண்டின் டிசம்பர் வரை நீண்டது. புதுத் திட்டம், புதுப் படிவம், புது அலுவலகம் எதுவும் தேவைப்படவில்லை. தேதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். முன்பே அமைப்பு இருந்தால் நெருக்கடியில் உதவி எத்தனை எளிதாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. நோய் வந்த நேரத்தில் முதன்முறையாக 507-ஐ நோக்கி மணிநேரம் சேர்த்துக்கொண்டிருந்த இளையவர்கள்தான் வாசலுக்கு வெளியே நின்றார்கள். எந்த நாட்டை எடுத்தாலும் அடிபடுவது இந்தப் புதியவர்களே.

ஒருமுறைத் தொகை

அரசு அசையும் முன் அசைந்தவை தொண்டு அமைப்புகள். பிரிட்டனில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஹெல்ப் மியூசிஷியன்ஸ்’ 50 லட்சம் பவுண்ட் ஒதுக்கி, ஆளுக்கு 500 பவுண்ட் என்று கொடுத்தது. அமெரிக்காவில் ‘மியூசிகேர்ஸ்’ 1,000 டாலர் வரை கொடுத்தது. பல அறக்கட்டளைகள் சேர்ந்து ஏப்ரலில் தொடங்கிய ‘ஆர்ட்டிஸ்ட் ரிலீஃப்’ எல்லாத் துறைக் கலைஞர்களுக்கும் 5,000 டாலர் கொடுத்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி எழும். நிறையப் பேருக்குச் சிறிய தொகையா, சிலருக்குப் பெரிய தொகையா? 500 பவுண்டில் ஒரு மாத வாடகை கூடத் தேறாத வீடுகள் உண்டு. 5,000 டாலர் ஒரு குடும்பத்தைப் பல வாரங்கள் தாங்கும், ஆனால் விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்பினார்கள். சிறிய சங்கம் நடத்துபவர்கள் என்னிடம் கேட்டால் சிறிய தொகை, நிறையப் பேர் என்றுதான் சொல்வேன். காரணம், முதல் வாரத்தின் தேவை வேறு. மருந்து, பால், மின்கட்டணம், கைபேசிக்கான ரீசார்ஜ். இவற்றுக்குப் பெரிய தொகை வேண்டாம், ஆனால் உடனே வேண்டும். மேலும், யாருக்குப் பெரிய தொகை என்று தேர்ந்தெடுக்கும் வேலையில் குழுவின் நேரம் கரைகிறது, சங்கத்துக்குள் மனக்கசப்பும் வளர்கிறது. எங்கள் குழுவிலும் அந்தக் கசப்பு எட்டிப்பார்த்தது. ‘அவருக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்விக்கு எந்தக் குழுவிடமும் திருப்தியான பதில் இருப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆனால் ஒருமுறைத் தொகையை மட்டும் நம்பி ஓர் அரசு இருந்துவிடக் கூடாது. முதல் மூச்சுக்கு அது போதும், ஓராண்டு நீளும் நெருக்கடிக்கு எந்த வகையிலும் போதாது.

முன்பணமும் கடனும்

இதை நீட்டி எழுத அவசியமில்லை. வருமானம் எப்போது திரும்பும் என்று தெரியாத ஒருவருக்குக் கடன் கொடுப்பது அவருடைய அடுத்த ஆண்டையும் சேர்த்துப் பறிப்பதாகும். மேடை திறந்த பிறகும் ஒரு கலைஞர் இழந்த கச்சேரிகளை இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முடியாது. ஒரு மாலைக்கு ஒரு கச்சேரிதான்.

பாடல்கள் ஒலிக்கும்போது அவற்றைப் படைத்தவர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் உரிமைத்தொகை அமைப்புகள் கொடுத்த முன்பணம் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. ஜெர்மனியின் ‘கெமா’ 4 கோடி யூரோ மதிப்பில் அவசர உதவி அறிவித்தபோது, அதில் ஒரு பகுதி பின்னால் வரவேண்டிய உரிமைத்தொகையின் முன்பணமாக இருந்தது. கடும் நெருக்கடியில் இருந்தவர்களுக்குத் தனி நிதியும் வைத்திருந்தது. ஆனால் அத்தகைய முன்பணம் பாடல் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது. வாசித்தவர் கணக்கு அங்கே இல்லை.

அரங்குக்குக் கொடுத்தால் கலைஞருக்குப் போய்ச் சேருமா?

பெரிய தொகைகள் போனது இந்த வழியில்தான். பிரிட்டனின் பண்பாட்டு மீட்பு நிதி 157 கோடி பவுண்ட், 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டது, பெரும்பகுதி நிறுவனங்களுக்கு. அமெரிக்காவில் மூடிய அரங்குகளுக்கு 1,500 கோடி டாலர் டிசம்பர் 2020-இல் ஒதுக்கப்பட்டது. விண்ணப்பத் தளம் 2021 ஏப்ரல் 8 அன்று திறந்து, அன்றே முடங்கி, மாதக் கடைசியில்தான் மீண்டும் எழுந்தது.

அரங்குகளைக் காப்பாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அரங்கு வேறு கைக்குப் போய்க் கிடங்காக மாறிவிட்டால் நோய் ஒழிந்த பிறகு கலைஞர் எங்கே வாசிப்பார்? எனவே இது வேண்டியதுதான். ஆனால் இதைக் கலைஞர் உதவி என்ற தலைப்பில் கணக்கு எழுதுவதை ஏற்க முடியாது. கட்டடத்துக்குப் போன பணம் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் நிரந்தர ஊழியர்களுக்கும் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வந்துபோகும் கலைஞருக்கு அதில் பங்கு கிடையாது, யாராவது நிபந்தனையாக எழுதிவைத்தால் ஒழிய.

நிரந்தர ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் கூடத் தப்பவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, எதிர்பாரா நிகழ்வு விதியைக் காட்டி, 2020 மார்ச்சுக்குப் பிறகு தன் இசைக்குழுவுக்குச் சம்பளத்தை நிறுத்தியது. மருத்துவக் காப்பீடு தொடர்ந்தது. உலகின் தலைசிறந்த இசைக்குழுக்களில் ஒன்று ஏறத்தாழ ஓராண்டு சம்பளமின்றி இருந்து, 2021 மார்ச்சில் பேச்சுவார்த்தைக்கு உட்கார ஒப்புக்கொண்ட பிறகே வாரத்துக்கு 1,543 டாலர் வரை பெறத் தொடங்கியது. புகழ்பெற்ற நிறுவனத்தின் நிலை இது. எனவே அரங்குக்கு மானியம் கொடுக்கும் அரசு இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் வைக்க வேண்டும்: ரத்தான நிகழ்ச்சிகளுக்கு ஒப்பந்தமான கலைஞர்களுக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டதற்கான ரசீது, மறுபடி திறக்கும்போது அவர்களுக்கே முதல் அழைப்பு.

ரசிகர்களின் பணம்

இசைக்கலைஞர்கள் தங்கள் பதிவுகளை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இணையதளமான ‘பேண்ட்கேம்ப்’, 2020 மார்ச் 20 அன்று ஒரு நாளைக்கு விற்பனையில் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரு நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். வழக்கமாக மின்வடிவ விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும் தளம் அதைத் துறந்ததும், ரசிகர்கள் இப்படித் திரண்டதும் நெகிழ வைத்த செயல்கள். மாதந்தோறும் அது தொடர்ந்தது பலருக்கு உண்மையான துணையாக இருந்தது.

இருந்தாலும் இந்தப் பணம் பெயர் தெரிந்தவரைத் தேடிப் போகிறது. விற்பதற்குச் சொந்த ஆல்பம் வேண்டும், பின்தொடர்பவர்கள் வேண்டும், நல்ல இணைப்பும் ஒலிவாங்கியும் வேண்டும். பின்வரிசையில் வாசிப்பவர், சேர்ந்து பாடும் குழுவில் நிற்பவர், ஒலியமைப்பாளர் ஆகியோருக்கு அங்கே வாங்க எதுவும் இல்லை. நேரலைக் கச்சேரியில் பாடகர் திரையில் தெரிகிறார். அவருடன் வழக்கமாக வரும் நால்வர் ஊரடங்கில் வீட்டில் இருக்கிறார்கள். ரசிகர்களிடம் பணம் திரட்டும் பாடகர், வழக்கமாக உடன் வாசிப்பவர்களுக்கான பங்கை முன்கூட்டியே அறிவித்துத் திரட்டினால் இந்தக் குறை பாதியாவது தீரும். அப்படிச் செய்தவர்களை அறிவேன், ரசிகர்கள் இன்னும் கூடுதலாகவே கொடுத்தார்கள்.

வேலையாகவே கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 1935-இல் அமெரிக்கா பெருமந்தக் காலத்தில் கூட்டாட்சி இசைத் திட்டத்தைத் தொடங்கி, உச்சத்தில் சுமார் 16,000 இசைக்கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து வாசிக்கவும் கற்பிக்கவும் வைத்தது. கௌரவமான வழி. ஆனால் பொருளாதார மந்தத்தில் கூடி வாசிக்கலாம், கொள்ளைநோயில் கூடுவதே ஆபத்து. கட்டுப்பாடுகள் தளர்ந்து, அரங்கு பாதி நிரம்பும் கட்டத்துக்கு இதை வைத்துக்கொள்வதுதான் பொருத்தம்.

யார் இசைக்கலைஞர்?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் எல்லாம் இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். மியூசிகேர்ஸ் வைத்த அளவுகோல் இசைத்துறையில் ஐந்தாண்டு வேலை, அல்லது வணிகரீதியாக வெளியான ஆறு பதிவுகளில் பங்கு. மேடைக்கும் பதிவுக்கும் தனித்தனி வாசல் வைத்தது நல்ல யோசனை. ஆனால் ஐந்தாண்டு என்பது மறுபடியும் புதியவர்களுக்குப் பூட்டு.

என் அனுபவத்தில் நம்பகமான சான்றுகள் மூன்று: ரத்தான நிகழ்ச்சியின் அழைப்பிதழ் அல்லது விளம்பரம், அமைப்பாளர் அனுப்பிய குறுஞ்செய்தி, உடன் வாசிக்கும் இருவரின் கையெழுத்து. இசைத்தொழிலில் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். பொய்யான பெயருக்கு இரண்டு கலைஞர்கள் கையெழுத்துப் போடுவது அரிது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று வைக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் படத்தை அனுப்பியவருக்கு எங்கள் குழு கடைசியில் உதவியது இப்படித்தான். வருமானக் கட்டத்தைக் கோடிட்டு அடித்துவிட்டு, அவருடன் வாசிப்பவர்களிடம் தொலைபேசியில் கேட்டோம்.

விண்ணப்பிக்கவே மாட்டாதவர்களும் உண்டு. மூத்த கலைஞர்கள் கேட்க மாட்டார்கள். அவர்களுக்காக மற்றவர்கள் பெயர் கொடுக்க ஒரு வழி வேண்டும். லண்டனில் 1738-இல் இசையமைப்பாளர் ஹேண்டல் உள்ளிட்டவர்கள் நலிந்த இசைக்கலைஞர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். ஓபோ என்ற குழல்வாத்தியம் வாசித்து இறந்துபோன கலைஞர் ஒருவரின் பிள்ளைகள் தெருவில் கழுதை ஓட்டிச் செல்வதைச் சக கலைஞர்கள் கண்டதுதான் அதற்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. கேட்டவருக்குக் கொடுத்த நிதி அல்ல அது, பார்த்தவர்கள் தொடங்கிய நிதி. ஹேண்டல் தன் உயிலில் அதற்கு 1,000 பவுண்ட் எழுதிவைத்தார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மியூசிஷியன்ஸ் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

சிறிய சங்கம் முதல் பத்து நாட்களுக்குள் எல்லோருக்கும் ஒரே சிறுதொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மருத்துவச் செலவுக்கும் அடகுபோகும் நிலையில் உள்ள வாத்தியங்களுக்கும் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் அதன் முக்கியமான பணி, உறுப்பினர்களின் தாள்களைச் சரிசெய்து அரசுத் திட்டத்தில் சேர்த்துவிடுவது. 500 பவுண்ட் கொடுப்பதைவிட, ஒருவரை மாதம் 2,500 பவுண்ட் திட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய உதவி.

அரசு, அயர்லாந்து செய்ததுபோல ஒரே அளவு வாரத்தொகையில் தொடங்கி, மூன்று மாதம் கழித்து, தாள்கள் உள்ளவர்களுக்கு விகித முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தரலாம். அமைதிக் காலத்தில் செய்ய வேண்டியது பதிவேடு. ஜெர்மனியில் கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டு நிதி 1983 முதல் நடக்கிறது. மருத்துவம், ஓய்வூதியம், பராமரிப்புக் காப்பீடுகளுக்கான கட்டணத்தில் பாதியைக் கலைஞர் கட்டுகிறார். 30 சதவீதத்தைக் கலைஞர்களின் உழைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் 20 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசும் கட்டுகின்றன. கொள்ளைநோயில் வருமானம் விழுந்தபோது உறுப்பினர்கள் எதிர்பார்க்கும் வருமானத்தைக் குறைத்து எழுதிக்கொடுத்தால் கட்டணமும் குறைந்தது. இதில் வேலையின்மை உதவி கிடையாது என்பது குறைதான். ஆனால் யார் கலைஞர் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருந்தது.

அயர்லாந்து இன்னும் ஒரு படி போய், 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் என்று மூன்றாண்டுச் சோதனையைத் தொடங்கியது. தகுதியுள்ளவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வு. தொகை பெறாத 1,000 பேரை ஒப்பீட்டுக்காகப் பின்தொடர்ந்தார்கள். 2025-இல் வெளியான அரசின் மதிப்பீடு, செலவிட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் சமூகத்துக்கு 1.39 யூரோ பலன் கிடைத்ததாகச் சொன்னது. கலைக்குக் கொடுப்பது வீண் என்று பேசும் நிதித்துறையினரின் மேசையில் வைக்க வேண்டிய எண் அது.

எப்போது நிறுத்துவது

திட்டங்களை வகுப்பவர்கள் பெரும்பாலும் தொடக்க நாளைப் பற்றியே யோசிக்கிறார்கள். அரங்கு திறந்த நாளில் கலைஞரின் வருமானம் திரும்புவதில்லை. கச்சேரிகள் மாதக்கணக்கில் முன்னதாகப் பேசி முடிக்கப்படுபவை. திறந்த அன்று பேசத் தொடங்கினால், பணம் கைக்கு வர அரையாண்டு ஆகும். ஆகவே உதவியை நிறுத்தும் நாளை, கட்டுப்பாடு நீங்கும் நாளோடு முடிச்சுப்போடக் கூடாது; அதற்கு ஆறு மாதம் தள்ளியாவது வைக்க வேண்டும்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் சிறப்பு வேலையின்மை உதவி முடிந்தது. பிரிட்டனின் சுயதொழிலாளர் திட்டமும் அதே மாதம் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. டிசம்பரில் ஒமைக்ரான் வந்து நிகழ்ச்சிகள் மறுபடி ரத்தாகின. பிரிட்டன் உணவகங்களுக்கும் அரங்குகளுக்கும் புதிதாகப் பணம் ஒதுக்கியது, பண்பாட்டு நிதியில் இன்னொரு 3 கோடி பவுண்ட் சேர்த்தது. தனித்தனிக் கலைஞர்களுக்கான பழைய திட்டம் திரும்பி வரவில்லை. அயர்லாந்தும் ஜூலையிலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்தியிருந்தது. ஆனால் திட்டத்தைக் கலைத்துவிடவில்லை. இரவு விடுதிகளை மூட உத்தரவிட்டதும், டிசம்பர் 7 முதல், புதிதாக வேலை இழந்தவர்களுக்காக அதே வாரத்தொகையின் கதவை மறுபடி திறந்தார்கள்.